ஆணும் அதுவே, பெண்ணும் அதுவே

ஆசிரியருக்கு வணக்கம். கடல்நீர்த் தொட்டி பற்றிய கட்டுரையில், கிளீனர் இறால் (மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் சிறு இறால்) குஞ்சு பொரிக்க 'ஆண் ஒன்று, பெண் ஒன்று' வாங்கச் சொல்லியிருந்தீர்கள். இந்த இறாலில் அந்தக் கணக்கே கிடையாது. வளர்ந்த ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான். ஏதாவது இரண்டு போதும். என் தொட்டியில் இரண்டுமே மாறி மாறி வயிற்றடியில் பச்சை முட்டை சுமக்கின்றன.

பொரிப்பது விளக்கணைத்த பிறகு. முதல் தடவை ஃபில்டரை நிறுத்த மறந்துவிட்டேன். காலையில் பஞ்சு முழுக்கக் குஞ்சுகள். இப்போது ஒரு மூலையில் டார்ச் அடிப்பேன். வெளிச்சத்துக்குத் திரண்டு வருபவற்றைக் குவளையில் மொண்டு வாளிக்கு மாற்றி, அன்றே முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி உயிரி) இரையாகத் தருகிறேன். அப்புறம்தான் பாடு. அவை இறாலாக உருமாற மாதக்கணக்காகும். நான் 19 நாள் தாண்டியதில்லை. 'வாளியில் வெறும் தண்ணீர்தானே இருக்கிறது' என்கிறாள் மனைவி.

- வாசகர் ஒருவர், கொளத்தூர், சென்னை