வான் சாகசம் மறுபடி மெரினாவுக்கு வரட்டும், உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர் விமானங்கள் பற்றி வாசகர்கள் எழுதும் நினைவுகளைக் கொஞ்ச நாளாகவே உங்கள் கடிதப் பகுதியில் விடாமல் படித்து வருகிறேன். மிக்-21 ஓய்வு பெற்ற செய்தியில் ஆரம்பித்தது, அப்புறம் பெங்களூரு பக்கத்து எலகங்கா விமானக் கண்காட்சி, கோவை சூலூர் தளத்துத் தேஜஸ் போர் விமானம், தாம்பரத்துப் பயிற்சி விமானம் என்று எங்கெங்கோ போய், கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது மெரினாவில்தான். 2024 அக்டோபர் 6, விமானப்படையின் வான் சாகசம் பார்க்க அங்கே வந்தவர்களில் 5 பேர் இறந்த நாள். போன வாரம் ஒரு வாசகர், 5 உயிர் போன பிறகு இந்த ஊருக்கு இனி விமான சாகசமே வேண்டாம், ஆசைப்படுகிறவர்கள் டிவியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் தீர்வு தப்பு என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். வெட்ட வேண்டியிருந்தால் என் பழங்கதையை வெட்டுங்கள், பின்னால் வரும் யோசனைகளை விட்டுவிடுங்கள்.

முதலில் அந்த டிவி விஷயம். ஒரு போர் விமானத்தை டிவியில் பார்த்தவர் அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன். கேமரா ஒரு விமானத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடும். நேரில் நிற்கும்போதோ, கூட்டம் மொத்தமும் இடப்பக்கம் புகைக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க, வலப்பக்கத்திலிருந்து ஒன்று கடலை ஒட்டித் தாழ வந்து போய்விடும். போன பிறகுதான் சத்தம் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் நம் காதுக்கு வர 3 நொடி ஆகும், மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் அதற்குள் கிட்டத்தட்ட 600 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதனால் சத்தம் வந்த திசையில் தேடுகிறவனுக்கு விமானம் சிக்காது, புதிதாக வந்தவர்களைக் கூட்டத்தில் இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் ஆஃப்டர்பர்னர், அதாவது எஞ்சின் பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் வசதி, அதைப் போட்டு செங்குத்தாக ஏறும்போது நெஞ்செலும்பில் ஒரு அதிர்வு வருமே, அதற்கு எந்த ஸ்பீக்கர் இருக்கிறது?

நான் சேலையூர்க்காரன். எங்களுக்கு இந்தப் பைத்தியம் இலவசமாகவே கிடைத்தது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி இருக்கிறது, அங்கிருந்து கிரண் விமானங்கள் எழும்பி எங்கள் வீட்டுக்கு மேலே வட்டமடிக்கும். சின்ன விமானம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரிப்பு. அதன் ஊளைச் சத்தம் கேட்டால் கணக்கு வாத்தியார் பாதியில் நிறுத்திவிட்டு, அது போகும்வரை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் கிரணின் மார்க்-2 வகையில்தான் 1996-ல் கர்நாடகத்தின் பீதரில் விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரண் தொடங்கியது. 2011-ல் பயிற்சிக்கு விமானம் போதவில்லை என்று அந்தக் குழுவையே நிறுத்திவைத்தார்கள், பிறகு ஹாக் என்ற ஜெட் பயிற்சி விமானங்களோடு திரும்பி வந்தது. ஒன்பது ஹாக், இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே 5 மீட்டர்கூட இருக்காது. நான் இன்னமும் பழைய கிரண் சூர்யகிரணின் கட்சிதான், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

மிக்-21 பற்றி இங்கே பலர் எழுதிவிட்டார்கள், 'பறக்கும் சவப்பெட்டி' என்று ஒரே வரியில் முடித்தவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பேரில் உடன்பாடு இல்லை. 1963-ல் வந்தது, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது, 62 வருடம். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியது மிக்-21தான், கிழக்கு பாகிஸ்தான் அரசு அன்றைக்கே கலைந்தது. நானூறுக்கு மேற்பட்ட மிக்-21 விபத்துகள் நடந்தன என்பதும் உண்மைதான், அதை யார் மறைக்க முடியும். ஆனால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொடும் ஒரு விமானத்தில், கிரணிலிருந்து இறங்கிய இளம் விமானியை நேராக ஏற்றி உட்காரவைத்தோம். நடுவில் பழக ஒரு நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டு, ஹாக் வந்து சேர்ந்தது 2008-ல். பழி முழுவதும் விமானத்தின் தலையில்.

மெரினாவிலும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அன்றைக்கு வானத்தில் ஒரு குறையும் இல்லை. 21 வருடம் கழித்துச் சென்னைக்கு வந்த காட்சி, 72 விமானங்கள். ரஃபேல், சுகோய்-30, மிராஜ், ஜாகுவார், நம் சூலூரிலிருந்து தேஜஸ், அதே சூலூரைச் சேர்ந்த சாரங் சாகசக் குழுவின் ஹெலிகாப்டர்கள், பழங்கால விமானங்களான டகோட்டாவும் ஹார்வர்டும்கூட வந்தன. சாந்தோம் பக்கத்தில் உறவினர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன், பக்கத்து மாடிகளில் எல்லாம் குடையும் மோர்ச் சொம்புமாக ஆட்கள். டகோட்டா போனபோது எங்கள் மாடியில் இருந்த 80 வயதுப் பெரியவர் எழுந்து நின்றார், சுகோய் வந்தபோது அவர் எழவில்லை. தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் படைப்பிரிவு இருக்கிறது என்று சொன்னதும், 'அப்படியா, நம்ம தஞ்சாவூரா' என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒவ்வொரு சுகோயையும் தன் சொந்தக்காரப் பையனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

தரையில்தான் எல்லாம் போனது. காலை 11 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடிவு, சரியாக வெயில் தலைக்கு நேரே நிற்கும் நேரம். 15 லட்சம் பேரைத் திரட்டி லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிப்போம் என்று முன்னாலேயே அறிவித்துக் கூப்பிட்டாகிவிட்டது. ஜனங்கள் 8 மணிக்கே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள், நிழல் கிடையாது, தண்ணீர் தேடி நடக்க வேண்டியிருந்தது, முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கம் நடந்தார்கள். பறக்கும் ரயில் அந்தச் சமயத்தில் கடற்கரை நிலையம் வரை ஓடவில்லை, சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது, அங்கேயும் வேளச்சேரியிலும் நடைமேடையில் கால் வைக்க இடமில்லாமல் நின்ற கூட்டத்தின் படங்களை எல்லாரும் பார்த்தோம். குடையும் தண்ணீரும் கொண்டு வரச் சொன்னோமே என்று பின்னால் விளக்கம் வந்தது. 15 லட்சம் பேரை வரவழைப்பவர்கள் சொல்லும் பதிலா இது?

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், வானத்துப் பக்கம் ஒவ்வொரு விபத்திலிருந்தும் பாடம் படித்திருக்கிறார்கள். 1952-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு ஜெட் உடைந்து கூட்டத்தில் விழுந்து பார்வையாளர்கள் 29 பேர் இறந்தார்கள், அதிலிருந்து கூட்டத்துக்கும் விமானத்துக்கும் இடைவெளி விதிகள் இறுகின. 1988-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் 70 பேர், 2002-ல் உக்ரைனின் லிவிவ் அருகே 77 பேர். கூட்டத்தை நோக்கி சாகசம் செய்யாதே, தலைக்கு மேலே செய்யாதே என்பதெல்லாம் இந்தச் சாவுகளால் வலுப்பட்ட விதிகள். 2019-ல் எலகங்கா ஒத்திகையில் சூர்யகிரண் விமானங்கள் இரண்டு மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து, சூலூரில் பணியாற்றிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார், அவர் உடல் சூலூருக்குத்தான் முதலில் வந்தது, கோவைக்காரர்கள் இன்னும் அந்தப் பேச்சிலிருந்து மீளவில்லை. அந்த இரண்டிலுமே பார்வையாளர் வரிசையில் யாரும் சாகவில்லை. சண்டிகரில் 2022-ல் சுக்னா ஏரி, பிரயாக்ராஜில் 2023-ல் சங்கமம், மெரினாவில் கடல் என்று தண்ணீருக்கு மேலே வைப்பதில் எத்தனை வசதி இருக்கிறது என்பது விமானப்படைக்குத் தெரியும். மேலே இவ்வளவு கவனம், கீழே ஒரு தண்ணீர் டிரம்முக்கு அல்லாட்டம்.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். விமானப்படை தினம் அக்டோபர் 8 என்பதால் சாகசமும் அந்த வாரமே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2025-ல் அணிவகுப்பை அக்டோபர் 8 அன்று டெல்லி பக்கத்து ஹிண்டன் தளத்தில் முடித்துவிட்டு, வான் காட்சியை ஒரு மாதம் தள்ளி நவம்பர் 9 அன்று குவாஹாட்டியில் பிரம்மபுத்திரா கரையில் வைத்தார்கள். நமக்கு நவம்பர் ஆகாது, மழை. குடியரசு தினம் முடிந்த பிறகு, ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஏரோ இந்தியாவுக்காக எலகங்காவில் எல்லா விமானமும் வந்து நிற்கிறது, 2025-ல் ரஷ்யாவின் சு-57-ம் அமெரிக்காவின் எஃப்-35-ம் ஒரே இடத்துக்கு வந்தன. பெங்களூருவிலிருந்து சென்னை ஒரு ஜெட்டுக்கு அரைமணி நேரப் பயணம்கூட இல்லை.

நேரம், மாலை 3.30 முதல் 5.30. இதை வெறும் வெயிலுக்காகச் சொல்லவில்லை. மெரினாவில் கடல் கிழக்கே இருக்கிறது, காலையில் பார்த்தால் கண் கூசும், படம் எடுத்தால் விமானம் கறுப்பு நிழலாகத்தான் விழும். மாலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம், வெளிச்சம் விமானத்தின் மேல் விழும், கடல்காற்றும் வந்திருக்கும். கேமரா தூக்கிக்கொண்டு அலையும் எந்தப் பையனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

இடத்தையும் விரிக்க வேண்டும். கலங்கரை விளக்கத்தை மையமாக வைத்தால் ஊரே அங்கே குவியும். எண்ணூர், காசிமேடு, பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, கோவளம் என்று கரை நீளத்துக்கும் விமானங்கள் அணிவகுத்துப் போகட்டும், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எது வரும் என்று முதல் நாளே பத்திரிகையில் போடட்டும். சூர்யகிரண், சாரங் மாதிரி ஒரே இடத்தில் வட்டமடிக்கும் சாகசங்களை இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்யலாம். எப்படியும் ஒத்திகைக்கு அதே சாகசம் பறக்கத்தானே போகிறது, ஒத்திகை நாளையே 'வந்து பாருங்கள்' என்று அறிவித்தால் பாதிக் கூட்டம் அன்றைக்கே பார்த்துவிட்டுப் போகும். சிகாகோவில் 1959 முதல் மிச்சிகன் ஏரிக்கரையில் இலவசமாக நடக்கும் விமானக் காட்சியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிகழ்ச்சி உண்டு, அதற்கு முந்தைய ஒத்திகையையும் கரையில் நின்று பார்க்கலாம். டிக்கெட் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை, எலகங்காவில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வசதி எல்லாருக்கும் இல்லை. அங்கேயும் 2019-ல் வாகன நிறுத்தத்தில் தீப்பிடித்துச் சுமார் 300 கார்கள் எரிந்துபோயின, ஆகவே டிக்கெட் இருந்தால் ஏற்பாடு தானாக வந்துவிடும் என்பதும் இல்லை.

தண்ணீர், நிழல்பந்தல், கூடுதல் ரயில், ஆம்புலன்ஸ் போக ஒதுக்கிய பாதை, இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கடைசி விமானம் போனதும் மைக்கை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், விமானப்படை பேண்டு வாத்தியம் ஒரு மணி நேரம் வாசிக்கட்டும், குழந்தைகளோடு வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டு மெதுவாகக் கிளம்புவார்கள், கூட்டம் தானாகப் பிரியும்.

போன மாதம் குரோம்பேட்டை வாசகர் ஒருவர் தன் பள்ளிக்கூட மாடியிலிருந்து தினமும் 'மிக்' பார்த்ததாக எழுதியிருந்தார். அவர் ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை, வட்டமடித்துத் திரும்பத் திரும்ப வந்தது என்று அவரே எழுதியிருப்பதால் அது எங்கள் கிரணாகத்தான் இருக்கும். மூக்கு உருண்டையாக, கண்ணாடிக்கு உள்ளே இரண்டு தலை பக்கத்தில் பக்கத்தில் தெரிந்ததா என்று யோசித்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேலையூர்.