கரண்டு பில்லும் கபாசிட்டரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகவே கடைக்கு வருகிறவர்கள் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். வீட்டுக்காரர்கள், "பிளக்கில் சொருகி வைத்தால் கரண்டு பில் பாதியாகிவிடுமாமே, அந்தப் பெட்டி இருக்கிறதா?" என்கிறார்கள். பட்டறைக்காரர்கள், "பில்லில் பவர் ஃபாக்டர் என்று போட்டுத் தண்டம் பிடிக்கிறார்களே, அது என்னங்க?" என்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு எங்கள் பதில்: அந்தப் பெட்டியை நாங்கள் விற்பதில்லை. பட்டறைக்காரர்களுக்கு: கபாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிற உதிரி) விற்கிறோம், ஆனால் கேட்கிற எல்லோருக்கும் அது தேவைப்படாது. ஏன் என்று கவுன்டரில் நின்றபடி சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ரியாக்டிவ் பவர் என்ற ஒன்று. கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி மண்டபத்துக்கு வருகின்றன, பந்தியில் செலவாகிவிடுகின்றன. அண்டாவும் குண்டாவும் வாடகைக் கடையிலிருந்து வருகின்றன, வேலை முடிந்ததும் அப்படியே திரும்பிப் போகின்றன. அண்டாவை யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் அது இல்லாமல் சாம்பார் இல்லை. அரிசியும் அண்டாவும் ஒரே டெம்போவில் வருவதால், அண்டா உட்கார்ந்த இடத்தில் மூட்டை ஏறாது.

மோட்டாரும் இப்படித்தான். தண்டை சுழற்றிப் பொருளைக் கடையவும், தண்ணீரை மேலே ஏற்றவும் செலவாகிற மின்சாரம் அரிசி. அது செலவாகிற வேகத்தைக் கிலோவாட்டில் சொல்கிறோம், மொத்தச் செலவை யூனிட்டாகக் கணக்கிடுகிறோம். ஆனால் மோட்டார் சுற்ற வேண்டுமென்றால் முதலில் அதன் காயிலுக்குள் காந்தப்புலம் உண்டாக வேண்டும். அதற்கும் லைனிலிருந்து ஆற்றல் வேண்டும். நம் சப்ளை வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தப்புலம் இரண்டு முறை எழுந்து இரண்டு முறை அடங்குகிறது. எழும்போது வாங்குகிற ஆற்றலை அடங்கும்போது லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. செலவு ஒன்றுமில்லை, போக்குவரத்து மட்டும்தான். இந்தப் போக்குவரத்துதான் ரியாக்டிவ் பவர். இதை கேவிஏஆர் என்ற அளவில் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து வயர் சுமக்கிற மொத்தச் சுமை கேவிஏ (நேராகக் கூட்டுவதில்லை, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள்). அதில் கிலோவாட்டின் பங்கு எவ்வளவோ அதுதான் பவர் ஃபாக்டர். பங்கு முழுசாக இருந்தால் 1.

இதை நீங்களே பார்க்கலாம். 10 எச்பி மோட்டார் உள்ள லேத்தை வேலை கொடுக்காமல் சும்மா ஓடவிட்டு, வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி, அதில் ஓடுகிற மின்னோட்டத்தை ஆம்ப்ஸில் காட்டுகிற கருவி) மாட்டுங்கள். ஐந்து ஆறு ஆம்ப்ஸ் காட்டும். முழு லோடில் 14 ஆம்ப்ஸ் அளவில் எடுக்கிற மோட்டார், சும்மா சுற்றவே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கிறது. ஆனால் யூனிட் மீட்டர் மெதுவாகத்தான் நகரும். அந்த ஆம்ப்ஸில் பெரும்பகுதி வெறும் அண்டா. இருபது பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் மண்டபத்துக்கு அதே அண்டாதான் வருகிறது என்பதுபோல, வேலை குறைந்தாலும் காந்தப்புலத்தின் தேவை பெரிதாகக் குறையாது. அதனால் முழு லோடில் 0.85 அளவில் இருக்கிற பவர் ஃபாக்டர் சும்மா ஓடும்போது 0.2, 0.3 அளவுக்குக்கூடப் போய்விடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 5 எச்பி போதுமான இடத்தில் 10 எச்பி வாங்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். பல பட்டறைகளில் பவர் ஃபாக்டர் படுத்திருப்பதற்கு அதுவே பாதிக் காரணம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட்டும் இதே ரகம்தான்.

இனி அந்தப் பிளக் பெட்டி. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன கபாசிட்டர், ஒரு எல்இடி விளக்கு, ஒன்றிரண்டு உதிரிகள். விற்க வருகிறவர் ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு மீட்டரில் ஆம்ப்ஸைக் காட்டுவார். பெட்டியைச் சொருகியதும் ஆம்ப்ஸ் சட்டென்று இறங்கும். அவர் காட்டியது பொய்யில்லை. கபாசிட்டர் என்பது மண்டபத்திலேயே சொந்தமாக அண்டா வாங்கி வைப்பது மாதிரி. மோட்டார் திருப்பிக் கொடுக்கிற ஆற்றலை அது வாங்கி வைத்துக்கொண்டு, மோட்டார் கேட்கும்போது கொடுக்கிறது. லைனில் அந்த அளவுக்குப் போக்குவரத்து குறையும், ஆம்ப்ஸும் குறையும். சரி, ஆனால் உங்கள் வீட்டு மீட்டர் ஆம்ப்ஸுக்குப் பணம் கேட்கவில்லையே. யூனிட்டுக்குத்தான் கேட்கிறது. வந்த வழியே திரும்பிப் போன ஆற்றலுக்கு அது முதலிலிருந்தே காசு வாங்கவில்லை, அப்புறம் எதை மிச்சம் பிடிப்பது? வயர் சூடாவது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஒரு வீட்டில் அது பில்லில் தெரிகிற அளவு இல்லை. (ஃபேன் மெதுவாகச் சுற்றினால் மாற்றுவோமே, அந்தக் கண்டன்சர் வேறு. அது மோட்டாரைச் சுற்ற வைப்பதற்கு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வீட்டு பில் குறைய வேண்டுமென்றால் பழைய ஃபேனைக் குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேனாக மாற்றுங்கள். அது அரிசியிலேயே மிச்சம்.

பட்டறை, மில், ஆலை வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. தமிழ்நாட்டில் குறிப்பிட்ட லோடுக்கு மேற்பட்ட தொழில், வணிக சர்வீஸ்களுக்கு ஈபி மீட்டர் பவர் ஃபாக்டரையும் பதிவு செய்கிறது. எல்டி சர்வீஸில் (சாதாரண தாழ்வழுத்த இணைப்பு) மாத சராசரி 0.85-க்குக் கீழே, எச்டியில் (உயரழுத்த இணைப்பு) 0.90-க்குக் கீழே போனால் தண்டம். எல்டியில் 0.85-இலிருந்து 0.75 வரை, குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின் கட்டணத்தில் 1 சதவீதம். அதற்கும் கீழே போனால் விகிதம் ஏறும். உங்கள் சராசரி 0.78 என்றால் ஏழு சதவீதம், மாதாமாதம். எச்டிக்காரர்களுக்கு டிமாண்டையே (மாதத்தில் தொட்ட உச்ச லோடு) கேவிஏ-வில் அளப்பதால் அங்கேயும் ஓர் அடி விழும்.

ஈபி தண்டம் போடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெருமுனையில் இருக்கிற 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரால் 0.7 பவர் ஃபாக்டரில் 70 கிலோவாட் மட்டுமே தர முடியும். மிச்ச இடத்தை அண்டா அடைத்துக்கொள்கிறது. உங்கள் ஜெனரேட்டரிலும் இதே கணக்குதான்.

10 கிலோவாட் லோடு, 415 வோல்ட், மூன்று ஃபேஸ் என்று வைத்துக்கொள்வோம். பவர் ஃபாக்டர் 0.7 என்றால் வயரில் சுமார் 20 ஆம்ப்ஸ் ஓடும். 7 கேவிஏஆர் கபாசிட்டர் போட்டு 0.95-க்குக் கொண்டுவந்தால் அதே வேலைக்கு 14.6 ஆம்ப்ஸ். கேபிளில் சூடாக வீணாவது ஆம்ப்ஸின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அந்த இழப்பு கிட்டத்தட்ட பாதியாகும். ஆனால் ஒன்று கவனியுங்கள். கபாசிட்டர் எங்கே இருக்கிறதோ அதற்கு முன்னால் உள்ள லைனுக்குத்தான் இந்த லாபம். மெயின் போர்டில் போட்டால் தண்டம் நின்றுவிடும், ஆனால் போர்டிலிருந்து மோட்டார் வரை போகிற கேபிள் பழைய சுமையையே சுமக்கும். நீளமான ஷெட், கடைசியில் பெரிய மோட்டார் என்றால் மோட்டார் பக்கத்திலேயே போடுவது நல்லது.

சமீபத்தில் நிறையப் பேர் வந்து புலம்புவது சோலார் போட்ட பிறகு வந்த தண்டத்தைப் பற்றி. "யூனிட் குறைந்தது, தண்டம் வந்தது, இதென்ன அநியாயம்?" என்கிறார்கள். 20 கிலோவாட் லோடை 0.95-இல் ஒழுங்காக வைத்திருந்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 0.95-இலும் 6.6 கேவிஏஆர் ஈபியிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. மதியம் சோலார் 15 கிலோவாட் தருகிறது. ஈபியிலிருந்து வருவது 5 கிலோவாட் மட்டும். ஆனால் 6.6 கேவிஏஆர் அப்படியே வருகிறது. ஈபி மீட்டருக்கு அந்த நேரத்துப் பவர் ஃபாக்டர் 0.6! அரிசி நம் வயலிலிருந்து வந்துவிட்டது, அண்டா மட்டும் இன்னும் வாடகைக் கடையிலிருந்து வருகிறது. இவர்கள் 0.95-ஐக் குறி வைத்தால் போதாது, 1-ஐ ஒட்டியே வைத்திருக்க வேண்டும். அதற்குக் கபாசிட்டர்களைச் சின்னச் சின்ன ஸ்டெப்பாகப் பிரித்து, தேவைக்கேற்பத் தானாகச் சேர்த்து விலக்குகிற ஆட்டோமேட்டிக் பேனல் தேவைப்படலாம். ஆனால் எங்களிடம் வருவதற்கு முன் சோலார் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில இன்வெர்ட்டர்கள் செட்டிங்கை மாற்றினால் ரியாக்டிவ் பவரையும் தாங்களே கொடுக்கும். அப்படியென்றால் உங்களுக்கு எங்கள் பேனல் வேண்டாம்.

கபாசிட்டரை நேரடியாக மாட்டிவிட்டு மறந்துவிடுவது இன்னொரு தொல்லை. ராத்திரி மோட்டாரெல்லாம் நின்ற பிறகும் அது லைனில் இருந்தால், கேட்க ஆளில்லாத ரியாக்டிவ் பவர் லைன் பக்கமாகத் தள்ளப்பட்டு வோல்டேஜ் ஏறும். மோட்டாரோடு சேர்ந்து அணைகிற மாதிரி இணைக்க வேண்டும், அல்லது ஆட்டோமேட்டிக் ரிலே வேண்டும். டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற எலக்ட்ரானிக் பெட்டி) போட்ட மோட்டார்கள் நிறைய உள்ள இடத்தில் சாதாரண கபாசிட்டர் சூடாகி உப்பிவிடும். அங்கே ரியாக்டரோடு (கபாசிட்டருக்குக் காப்பாக நிற்கிற காயில்) சேர்ந்த பேனல்தான் நிற்கும்.

இருக்கிற கபாசிட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 440 வோல்ட், 5 கேவிஏஆர் என்று எழுதியிருந்தால் ஓடும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் 6 ஆம்ப்ஸ் அளவில் எடுக்க வேண்டும். ஒரு ஃபேஸில் இரண்டு, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்றால் அது பெயருக்குத்தான் தொங்குகிறது. எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள், நீங்களே கை வைக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் கபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், நன்றாகவே அடிக்கும்.

கடைக்கு வரும்போது கடைசி மூன்று மாத பில்லைக் கொண்டுவாருங்கள். மோட்டார்களின் எச்பி, வெல்டிங் செட், டிரைவ், சோலார் எதெது இருக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வாருங்கள். பில்லில் பவர் ஃபாக்டர் தண்டம் என்ற வரியே இல்லையென்றால் பெரும்பாலும் எதுவும் வாங்காமலே திரும்பிப் போகலாம். பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்,
கோயம்புத்தூர்