படத்தில் இருப்பது சிவப்புடல் அழகி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுத்தோட்டத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரைப்பக்கத்துக்குப் போட்ட வண்ணப்படத்தின் கீழே 'சிவப்புடல் அழகி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது கறிவேப்பிலை அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண். இறக்கையை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறத்தான் செய்வார்கள். அதே கருப்பு, முன்னிறக்கையில் அதே வெள்ளைப் பட்டைகள், பின்னிறக்கையில் அதே சிவப்புப் புள்ளிகள். உடலைப் பார்க்க வேண்டும். சிவப்புடல் அழகிக்குத் தலையும் வயிறும் குங்குமமாகச் சிவந்திருக்கும். உங்கள் படத்தில் உடல் முழுக்கக் கருப்பு.

பறவைகளையும் இந்த வேடம் ஏமாற்றிவிடுகிறது. சிவப்புடல் அழகியின் புழு, ஈஸ்வரமூலிக் கொடியையும் கரிசல் வயல் வரப்புகளில் படரும் ஆடுதின்னாப்பாளையையும் தின்று வளர்வது. அந்த இலைகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, இறக்கை முளைத்த பிறகும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது. அதனால்தான் இது அவசரமே இல்லாமல், தாழ்வாக, மெல்லப் பறக்கிறது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளரும் கறிவேப்பிலை அழகிக்கு அப்படி ஒரு நஞ்சு கிடையாது. எனவே அதன் பெண்களில் ஒரு சாரார் இந்த வேடத்தில் பிழைக்கின்றன. ஆண்கள் வேடம் போடுவதில்லை. அவற்றின் பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை மட்டும்தான். அசல் குறைந்துபோனால் போலிக்கும் பாதுகாப்பு போய்விடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

படத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது கட்டுரையாளரின் யோசனை. இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைத்தால் போதும், இவை தேடி வரும் என்கிறார். தேன் குடிக்க வரும், உண்மைதான். முட்டையிட எங்கே போகும்? ஈஸ்வரமூலியும் அதன் இனத்துக் கொடிகளும் இல்லாத ஊரில் இந்தப் பூச்சிக்கு அடுத்த தலைமுறை இல்லை. எங்கள் பகுதியில் வேலியோரம் படர்ந்திருந்த கொடிகளைத் துப்புரவு என்ற பெயரில் வேரோடு பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்தார்கள். வரப்புகளிலோ களைக்கொல்லி. பிறகு பூச்சி வரவில்லையே என்று கேட்டால் எப்படி வரும்?

கொடியைத் தப்பவிட்டவர்களும் புழுவைக் கண்டால் விடுவதில்லை. கருஞ்சிவப்பு வெல்வெட் போன்ற தடித்த உடல், அதில் வரிசை வரிசையாகச் சிவந்த சதை முட்கள். கண்டதும் 'கம்பளிப்பூச்சி' என்று செருப்பைத் தேடுகிறார்கள். அதற்கு அரிக்கும் மயிர் ஒன்றுகூடக் கிடையாது. விரலால் லேசாகத் தீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஆரஞ்சு நிற உறுப்பு ஒன்று பிதுங்கி வரும்; கெட்ட வாடை வீசும். அவ்வளவுதான் அதன் கோபம். கொடியை மொட்டையடித்துவிடும் என்பது மெய். இலை தீர்ந்தால் இளந்தண்டையும் கடிக்கும். ஆனால் வேர் நன்றாக ஊன்றியிருந்தால் மழைக்குப் பின் திரும்பத் துளிர்த்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்வரமூலியைக் கைவைத்தியத்துக்கு அரைத்துக் குடிக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதே அமிலம் மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று நிறுவப்பட்டிருக்கிறது. கொடியைப் புழுவுக்கே விட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் படத்தின் பெயரைத் திருத்தி வெளியிடுங்கள். கூடவே, ரோஜாவும் குரோட்டனும் விற்கும் நர்சரிக்காரர்கள் ஒரு மூலையில் ஈஸ்வரமூலி நாற்றும் வைக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திண்டுக்கல் மாவட்டம்