கலிஃபோர்னியா தமிழ்ப் பெற்றோருக்கு: கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பிள்ளை டி ஆன்சா, ஓலோனி போன்ற இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருப்பதை நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லத் தயங்குகிறீர்கள். மூன்றாம் ஆண்டில் யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறுகிறவர் கையிலும், முதலிலேயே அங்கே சேர்ந்தவருக்குக் கிடைக்கும் அதே பட்டம்தான் வரும். கவலைப்பட வேண்டியது முதல் செமஸ்டரில் எடுக்கும் பாடங்களைப் பற்றி.

"அசோசியேட் டிகிரி (இரண்டாண்டுப் பட்டம்) முடித்தால் இடம் தானாகக் கிடைத்துவிடும்" என்ற நம்பிக்கைதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி, கால் ஸ்டேட் என்ற இன்னொரு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் எங்கேயோ ஓரிடத்தை உறுதி செய்யும். நீங்கள் கேட்கும் வளாகத்தை அல்ல. யூசி பார்ப்பது வேறு: மாற்றத்தக்க 60 செமஸ்டர் யூனிட் (டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற, காலாண்டு முறையில் நடக்கும் குவார்ட்டர் கல்லூரிகளில் 90), ஆங்கிலம் இரண்டு, கணிதம் ஒன்று, பிற துறைகளில் நான்கு என ஏழு பாடங்கள், அதற்கு மேல் மேஜருக்கான (முதன்மைப் பாடத்துக்கான) அடிப்படைப் பாடங்கள். இந்த மாநிலத்தவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ (கிரேடு சராசரி) 2.4. அது விண்ணப்பம் போடத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

அசிஸ்ட் (assist.org) என்ற இணையதளத்தில் கல்லூரி, வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று காட்டும். போட விரும்பும் எல்லா வளாகங்களுக்கும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே மேஜருக்கு ஒரு வளாகம் கேட்பதை இன்னொன்று கேட்காது. ஈடான பாடம் இல்லை என்று வந்தால் பக்கத்துக் கல்லூரியில் எடுக்கலாம். இயற்பியல், கால்குலஸ் போன்ற தொடர் பாடங்களில் மட்டும் அவசரம் வேண்டாம். பல ஒப்பந்தங்களில் இரண்டு மூன்று பாடங்கள் சேர்ந்துதான் ஒரு ஈடு. பாதியைக் குவார்ட்டர் கல்லூரியிலும் மீதியைச் செமஸ்டர் கல்லூரியிலும் எடுத்தால் நடுவில் ஒரு பகுதி விட்டுப்போகும், இன்னொன்று இரண்டு முறை வரும். தொடங்கிய இடத்திலேயே தொடரை முடிப்பதே நல்லது. பொறியியல், அறிவியல் பிள்ளைகள் பொதுப் பாடங்களை (இப்போது கால்-கெட்சி என்ற பாடத்தொகுப்பு) முதலில் முடித்துவிட்டு இயற்பியலைக் கடைசி வருடத்துக்குத் தள்ளுவது தலைகீழ் வேலை.

டேக் என்ற இட உறுதித் திட்டம் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறுக்கும் உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவுக்குக் கிடையாது. ஒன்றுக்குத்தான் போடலாம், அதுவும் செப்டம்பருக்குள். எல்லா மேஜரும் அதில் வராது. சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி வராது. டேக் போட்டவரும் வழக்கமான விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பரில் தனியாகப் போட வேண்டும். இதை விட்டால் டேக்கும் போயிற்று.

ஜனவரி இறுதிக்குள் ஃபால் கிரேடுகளையும் ஸ்பிரிங் பாடங்களையும் புதுப்பித்துத் தர வேண்டும். பாதியில் விட்ட பாடத்தைச் சொல்லாமல் மறைத்தால், கிடைத்த இடமே பறிபோகலாம். தேவையான பாடங்கள் ஸ்பிரிங்குக்குள் முடிய வேண்டும், கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது செல்லாது.

பிள்ளையின் அனுமதி இல்லாமல் கவுன்சிலர் உங்களிடம் கிரேடு பற்றிப் பேச மாட்டார். மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் ஃபெர்பா சட்டம் அப்படி. அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பிள்ளையையே பாடத்திட்டத்துடன் அனுப்புங்கள்.

ஹைஸ்கூலில் படிக்கும்போது கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒற்றைக் கோடைப் பாடமும் கல்லூரிப் பாடம்தான். கிரேடு நன்றாக இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தில் காட்டுங்கள். அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் (கிரேடு பட்டியல்) ஜூலை 1-க்குள் யூசிக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு வழிகாட்டுவோர்