மண்டபத்து மைக்ல மங்கல வாழ்த்து கேக்கலீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

போன மாசம் எங்க அக்கா பேத்தி கல்யாணம், கோபி பக்கம் ஒரு மண்டபத்துல. புது மண்டபம், கீழ பூரா கிரானைட், செவுத்துக்கு டைல்ஸ், மேடைக்கு ரெண்டு பக்கமும் ஆள் ஒசரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ். சவுண்டுக்கு மட்டும் எத்தனை லட்சம் ஆச்சுனு மேனேஜர் பெருமையா சொல்லிட்டிருந்தாரு.

மங்கல வாழ்த்து ஆரம்பிச்சாங்க. கம்பர் பாடிக் குடுத்ததுனு நம்ம பக்கம் சொல்லுவாங்க, அது இல்லாம கொங்குக் கல்யாணம் ஏதுங்க. பாடுனவரு நல்ல கணீர்க் கொரல், ஆனா பத்து வரிசை தள்ளி வந்தா கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்புடற மாதிரி இருக்குது, அடியில "ஙொய்ய்"னு ஒரு எரைச்சல், நடுவுல நடுவுல கூனு விசில். பாதியில மொத்தமா நின்னே போச்சு. அவரு மைக்க வெச்சுட்டு வெறுந்தொண்டையில பாடுனாரு பாருங்க, அப்பத்தான் மொத நாலு வரிசைக்காரங்களுக்கு ஒரு வரியாவது வெளங்குச்சு. மத்த ஒரம்பரையெல்லாம் அதுக்குள்ள பந்திக்குப் போயாச்சு.

நான் முப்பது வருசம் ரேடியோ செட், அதான் மைக் செட், வெச்சிருந்தவன், சும்மா இருக்க முடியல. கூட்டம் கலைஞ்சதும் மேனேஜர்கிட்ட கேட்டுட்டு ஏணி போட்டு ஏறுனேன். சத்தத்தப் பெருசாக்கற ஆம்ப்ளிஃபயர்ல, மாட்டற பாக்ஸோட மின்தடை 4 ஓமுக்குக் கொறையக் கூடாதுனு அதுலயே எழுதியிருக்குது, இவங்க 8 ஓம் பாக்ஸ் நாலையும் ஒரே சேனல்ல பேரலல்ல, அதாவது பக்கம் பக்கமா, குடுத்து 2 ஓம் ஆக்கி வெச்சிருக்காங்க, தடை கொறஞ்சா கரண்டு எச்சா இழுக்கும், சூடாயி, தன்னக் காப்பாத்திக்க புரொடெக்ட் லைட் எரிஞ்சு நிக்காம என்ன பண்ணும். அப்புறம் ஒன்றரை வோல்ட் செல்ல ஒவ்வொரு பாக்ஸ் வயர்லயும் தொட்டுப் பாத்தேன். மூணு பாக்ஸ்ல கோன், அதான் ஸ்பீக்கர் உள்ள அதிர்ற கூம்பு, வெளிய தள்ளுது, ஒண்ணுல மட்டும் உள்ள இழுக்குது. பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்திருக்காங்க, ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா ஒண்ணோட சத்தத்த ஒண்ணு அமுக்கிரும். நடு ஹால்ல கொரல் சப்புனு இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு ரூபா இன்சுலேஷன் டேப்ல சுத்துன ஜாயிண்டு, மைக் கேபிளும் கரண்டு வயரும் ஒரே பைப்புக்குள்ள, அதான் அந்த எரைச்சல். மேடை பாக்ஸு மைக்குக்குப் பொறத்தால நின்னு மைக்கயே பாக்குது, அப்புறம் விசிலடிக்காம?

இதெல்லாம் ஒரு நாள்ல சரி பண்ற சமாச்சாரமுங்க. டிசைன்ல விட்டதுதான் பெரிய கோளாறு. ஹால் 100 அடி நீளம். முன்னாடி பாக்ஸ்ல இருந்து சத்தம் காத்துல கடைசி வரிசைக்கு வர 90 மில்லி செகண்ட் கிட்ட ஆவுது. பின்னாடி தொங்குற பாக்ஸுக்கு வயர்ல போறதால அது உடனே பேசிருது, ஆக ஒரு சொல்லு ரெண்டு தடவ காதுல விழுகுது. பின்னாடி பாக்ஸுக்கு அந்த அளவுக்கு டிலே வெச்சு, அது தாமதமாப் பேசற மாதிரி பண்ணோணும். சத்தத்தச் சரி பண்றதுக்குன்னு வாங்கி வெச்ச ப்ராசசர்ல அந்த வசதி இருக்குது, யாரும் தொடவே இல்ல! கிரானைட்டும் டைல்ஸும் சத்தத்தத் திருப்பி அடிக்கும்னு கட்டும்போதே ரோசிச்சு, பின் செவுத்துக்காவது சத்தத்த உறிஞ்சற மாதிரி ஏதாச்சும் அடிச்சிருக்கோணும். எச்சா வாட்ஸ் போட்டா எதிரொலியும் எச்சாவுதுங்க, அவ்வளவுதான்.

எனக்கு வயித்தக் கலக்குனது இன்னொண்ணு. பந்தல் கட்டற கட்டுக்கம்பியில பெரிய பாக்ஸ சனங்க தலைக்கு மேல தொங்க விட்டிருக்காங்க, தனியா ஒரு சேஃப்டி செயின் கூட இல்ல. கீழ கொழந்தைங்க ஓடிட்டுக் கெடக்குதுங்க.

ஃபிட் பண்ணவருக்கு மேனேஜர் போன் போட்டாரு. "பாடறவரு மைக்க ஒழுங்காப் புடிக்கலீங்க"னாராம்.

நாங்க ஒண்ணும் பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல. பழைய அகுஜா ஆம்ப்ளிஃபயர் பின்னாடி 4, 8, 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட்னு வரிசையா எழுதியிருக்கும், வயர் நீளம்னா வழியில சக்தி அதிகம் வீணாகாத 100 வோல்ட் லைனு, எந்த லோடுக்கு எந்தத் திருகாணினு பாத்து மாட்டுவோம், கடைசி ஆள் வரைக்கும் நடந்து போய்க் கேட்டுட்டு வந்துதான் டீ குடிப்போம். இப்ப பில்லுல பிராண்டு பேரு இருக்குது, நடந்து பாக்க ஆளில்ல. மண்டபம் கட்டறவங்க, கோயில் கமிட்டிக்காரங்க, பாக்கிப் பணத்தக் குடுக்கறதுக்கு முன்னாடி யாரையாவது மேடையில பேப்பர் படிக்கச் சொல்லிட்டு கடைசி வரிசையில போய் உக்காருங்க, புரியலீனா பணத்தக் குடுக்காதீங்க. எந்த வயர் எங்க போவுதுனு ஒரு வரைபடமும் வாங்கி வெச்சுக்கோங்க.

ஆவணியில எங்க பங்காளி ஊட்டுக் கல்யாணமும் அதே மண்டபந்தானுங்க. அன்னிக்கு நான் செல்லும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துட்டுத்தான் போறேன்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ செட்டுக்காரன், கோபி வட்டாரம்