பக்க எண் போட்டுத் தந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஆய்வேடு நேற்று மாலை உள்ளே போய்விட்டது. நடந்த கூத்தெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதியை நீங்களே என்னோடு சேர்ந்து அனுபவித்தீர்கள், அதனால் அந்தக் கதையை மறுபடி ஆரம்பிக்கவில்லை. ஒரு தூக்கம் போட்டுவிட்டு நிதானமாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நிதானம் வந்தால் மேடைப்பேச்சு மாதிரி ஆகிவிடும் என்று பயம், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

பார்வையில்லாத நான் காதால் கேட்டுப் படிக்கும்படி நூல்களை மின்நூலாக மாற்றித் தந்த எல்லோருக்கும் முதலில் சேர்த்து ஒரு பெரிய நன்றி. வெறும் ஸ்கேன் படங்களாகக் கிடந்த நூலை எழுத்துணரியில் (படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போட்டு, அது துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றி மாற்றிக் கக்கியதை வரிவரியாகத் திருத்திய மெய்ப்புக் குழுவுக்கு. கேட்டவுடன் இன்னொரு நூலின் அச்சுக்கோப்பையே தூக்கிக் கொடுத்த பதிப்பாளருக்கு. அந்தக் கோப்பு, ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவத்தில் காட்டுகிற பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. திரையில் ‘அம்மா’ என்று தெரிகிற இடத்தில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்குக் கிடைத்தது ‘எம், கே, செமிகோலன், கே, ஹெச்’. முழு நூலையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்தவற்றைக் கையாலேயே சரிசெய்த தம்பிக்கு. ‘படம் 4’ என்று மட்டும் இருந்த வம்சாவளி வரைபடத்தை, யார் யாருடைய பிள்ளை என்று அடுக்கடுக்கான பட்டியலாக எழுதிக் கொடுத்த தோழிக்கு. ஸ்கிரீன் ரீடர் கண்டுகொள்ளும்படி, தலைப்புகளைக் கோப்புக்குள் தலைப்புகளாகவே குறித்தவர்களுக்கு. தடித்த எழுத்தில் போட்டால் தலைப்பு ஆகிவிடாது என்று இனி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே ஊருக்குச் சொல்வீர்கள்.

இப்படி மாற்றுவது காப்புரிமைச் சிக்கல் ஆகாதா என்று சிலர் தயங்கினீர்கள். கேட்டது நல்லதுதான். 2013இல் நிறைவேறிய மராகேஷ் ஒப்பந்தம் இதற்காகவே வந்தது. அச்சு நூலை அப்படியே படிக்க முடியாதவர்களுக்கு வேறு வடிவில் பிரதி எடுக்கவும், நாடு விட்டு நாடு அனுப்பவும் அதில் சேர்ந்த நாடுகள் தங்கள் சட்டத்தில் வழிவிட வேண்டும். 2016 செப்டம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் வழிவிட்டது சரி, உட்கார்ந்து மாற்றித் தர ஆள் வேண்டுமே. அந்த ஆட்கள்தான் நீங்கள்.

அப்புறம் அக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனில் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முன்பின் பழக்கமில்லாதவர். மெய்ப்புக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, தனக்குக் கணினி அவ்வளவாக வராது என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தவர்.

அவருக்குக் கொடுத்த வேலை எழுத்துப்பிழை பார்ப்பது. அதை முடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே, அச்சு நூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் எங்கே தொடங்குகிறது என்று மின்நூலுக்குள் குறித்திருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. எனக்கு இது நூலைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

பார்வையுள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. பக்க எண் தாளின் மூலையில் சும்மா இருக்கிற ஒன்று. என் நிலைமையைச் சொல்கிறேன். வகுப்பில் ‘பக்கம் 147, மூன்றாவது பத்தி’ என்பார்கள். எல்லோரும் புரட்டுவார்கள். என்னுடைய கோப்பில் பக்கமே கிடையாது; செயலி ‘63 சதவீதம்’ என்று சொல்லும், அதை வைத்து என்ன செய்ய? பக்கத்தில் இருப்பவரிடம் அந்தப் பத்தியின் முதல் இரண்டு சொற்களைக் கேட்டு, தட்டச்சு செய்து, தேடி, அதே சொற்கள் வருகிற மற்ற இடங்களைத் தள்ளி, சரியான இடத்துக்கு வந்து சேரும்போது பேச்சு 152க்குப் போயிருக்கும். மேற்கோள் காட்டுவது இதைவிட மோசம். நூல் முழுக்க என் காதில் இருந்தாலும், அடிக்குறிப்பில் ஓர் எண் போட இன்னொருவர் அச்சுப் பிரதியைப் புரட்டிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம். நூற்றுக்கணக்கான அடிக்குறிப்புக்கு யாரிடம் போய் நிற்பது?

இந்தத் தடவை தோரியம் என்ற மின்நூல் வாசிப்புச் செயலியில் ‘பக்கத்துக்குப் போ’ என்பதைத் தட்டி 147 என்று போட்டேன். போய் நின்றது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள்.

எண்ணை எப்படிப் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். வரிகளுக்கு நடுவே எண்ணை அப்படியே தட்டச்சு செய்துவிட்டால், ‘அவள் கதவைத் திறந்து நூற்று நாற்பத்தேழு வெளியே வந்தாள்’ என்று ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். அக்கா முதலில் அப்படித்தான் போட்டிருக்கிறார். பிறகு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை இலவசமாக இறக்கி, திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். கேட்டதும் அத்தனையையும் எடுத்துவிட்டு, வாசிப்பில் குறுக்கிடாத பக்கக் குறிகளாக மாற்றி, அவற்றுக்குத் தனிப் பட்டியலும் சேர்த்திருக்கிறார். ஒரு சொல்லின் பாதி ஒரு பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலும் இருந்த இடங்களில், சொல் உடையாமல் இருக்கக் குறியை அந்தச் சொல்லுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எந்தப் பதிப்பின் பக்க எண்கள் என்பதையும் கோப்பில் பதிந்திருக்கிறார், ஏனென்றால் பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023இல் வெளியிட்ட, இபப் என்ற மின்நூல் வடிவத்துக்கான அணுகல்தன்மை 1.1 விதிகளில் பக்க எண்களைப் பற்றித் தனியாகவே இருக்கிறது. அதைப் படித்தீர்களா அக்கா என்று கேட்டேன். ‘கொஞ்சம் படித்தேன், புரியாததைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டேன்’ என்றார். கணினி வராதாம்!

ஏன் இவ்வளவு சிரமம் எடுத்தீர்கள் என்றும் கேட்டேன். ‘புத்தகம் என்றால் பக்க எண் இருக்கும்தானே, உங்கள் பிரதியில் மட்டும் ஏன் இல்லை என்று உறுத்தியது’ என்றார். அவ்வளவுதான் பதில். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் அந்த உறுத்தல் இத்தனை காலமும் வரவில்லை. எழுத்து ஒலியாகக் கிடைத்தாலே போதும், அதற்கு மேல் கேட்பது பேராசை என்று பழகிப்போயிருந்தேன். கிடைத்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொள்கிற பழக்கம் ஒரு வயதுக்கு மேல் ஒட்டிக்கொள்கிறது. நேற்றுவரை பக்க எண் வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன். பதிப்பாளர்களிடமும் கேட்பேன்: அச்சுக்கும் மின்நூலுக்கும் ஒரே கோப்பிலிருந்து வேலை செய்கிறீர்கள், அந்த நேரத்திலேயே பக்கக் குறிகளையும் சேர்த்துவிட்டால் பிறகு ஓர் அக்கா நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

எனக்கும் ஒரு வேலை எடுத்துக்கொண்டேன். இனி நம் குழு முடிக்கிற ஒவ்வொரு நூலையும் வெளியே அனுப்புவதற்கு முன் நான் முழுதாகக் கேட்டுப் பார்த்துத் தருவேன். சோதனைக் கருவிகள் குறி இருக்கிறதா என்று சொல்லும். குறி சரியான பக்கத்தில் இருக்கிறதா, படக் குறிப்பு உண்மையிலேயே படத்தைச் சொல்கிறதா என்று ஒரு வாசகர்தான் சொல்ல முடியும். கணினியில் ஒரு முறை, போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்து ஒரு முறை.

வரிசையில் அடுத்து இருக்கிற நூலில் ஏற்கெனவே தொடங்கிவிட்டேன். முன்னுரையின் பக்கங்கள் அச்சில் ரோமன் எண்களில் இருக்கின்றன போலிருக்கிறது, கோப்பில் 1, 2 என்று ஓடுகிறது. அக்கா, அச்சுப் பிரதி உங்களிடம்தானே இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.