மாப்பிள்ளை வீட்டு வம்சாவளி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுறேன்மா. ஆகஸ்ட்ல சொந்தக்காரங்க எல்லாம் கூடுறப்போ கொடுக்குறதுக்குன்னு மாப்பிள்ளையோட பெரியப்பா தயார் பண்ணின வம்சாவளி பிடிஎஃப் அனுப்பியிருந்தியே, முழுசா படிச்சிட்டேன், மனுஷன் அழகா பண்ணியிருக்காரு. ஆனா இப்ப அச்சுக்கு கொடுக்காதீங்க. போன்ல சொன்னா பாதியிலயே அப்புறம் பேசுறேன்பான்னு வெச்சிடுவ, அதான் எழுதுறேன்.

அவர் கணக்குப்படி மாப்பிள்ளை வம்சத்துல ஜெர்மனியிலேர்ந்து அமெரிக்காவுக்கு வந்த முதல் ஆளு யோஹானஸ் முல்லர், 1749-ல ராட்டர்டாம்ல கப்பலேறி பிலடெல்ஃபியாவுல இறங்கினவரு. சரி. அவருதான் ஜெர்மனியில ஹைடல்பர்க் பக்கத்து கிராமத்து சர்ச்ல 1726-ல ஞானஸ்நானம் வாங்கின யோஹானஸ் முல்லர்னு ஒரு முடிச்சு போட்டு, அந்தப் பக்கத்தோட ஸ்கேனையும் கடைசியில வெச்சிருக்காரு. அத நல்லா ஜூம் பண்ணிப் பாரு. குழந்தை பேருக்கு இடது பக்கம், ஓரத்துல, வேற மசியில ஒரு சின்ன சிலுவை இருக்கு. ஞானஸ்நானப் பதிவு பக்கத்துல பின்னால வந்து சிலுவை போட்டிருந்தா அந்த ஆளு செத்துட்டான்னு பாதிரியார் குறிச்சு வெச்சது, பெரும்பாலும் குழந்தையிலயே போனதுங்களுக்குத்தான் அப்படிப் போடுவாங்க. அதே சர்ச்சோட அடக்க ரெஜிஸ்டர்ல 1726-லேர்ந்து ஒரு பத்து வருஷம் பாத்தா தெரிஞ்சிடும். செத்த குழந்தை எப்படிம்மா கப்பலேறும்? அடுத்துப் பிறந்த பையனுக்கும் அதே பேரை வெக்கிற வழக்கம் அவங்ககிட்ட உண்டு, அதனால தம்பி ஒருத்தன் இருந்திருக்கலாம், ஆனா அதையும் யாராவது பாக்கணும்ல.

பேர் ஒத்துப்போச்சுங்கறது ஒரு சாட்சியமே இல்ல. அந்த ஊருங்கள்ல ஒரு வீட்டுல நாலு பையன் இருந்தா நாலு பேரும் யோஹான்தான், யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர்னு போகும், கூப்பிடுறது ரெண்டாவது பேரைத்தான். முல்லர்னா மாவு மில்லுக்காரன், மில் இல்லாத ஊர் ஏது. இங்கிலீஷ் கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதி முல்லர் மில்லர் ஆயிடுச்சு, இன்னும் சில குடும்பத்துல அர்த்தத்தையே மொழிபெயர்த்து, தச்சன்னு அர்த்தம் வர்ற ஜிம்மர்மான் கார்ப்பென்டர் ஆனதும் உண்டு. இன்னொண்ணு, கப்பல் லிஸ்ட்ல பாலட்டைன்னு போட்டிருக்கு அதனால பாலட்டினேட்காரர்தான், அதாவது ஜெர்மனியில ரைன் நதிப் பக்கத்துக்காரர்தான்னு பெரியப்பா எழுதியிருக்காரு. 1709-ல போர், கடும் குளிருன்னு அந்தப் பக்கத்து ஜனங்க ஆயிரக்கணக்குல லண்டனுக்கு வந்து குவிஞ்சதுலேர்ந்து ஜெர்மன் பேசுற யார் வந்தாலும் இங்கிலீஷ்காரனுக்கு பாலட்டைன்தான், வூர்ட்டம்பர்க்காரன், சுவிஸ்காரன் எல்லாரையும் சேத்துத்தான் அப்படி எழுதினாங்க.

நான் சர்வீஸ் முழுக்க பத்திரம் எழுதினவன், உனக்கே தெரியும், மூலப்பத்திரம் தேடுறப்போ இப்ப கையில இருக்குற பத்திரத்துலேர்ந்துதான் ஒவ்வொண்ணா பின்னால போகணும், நடுவுல ஒரு கிரயம் விட்டுப்போனா அதுக்கு முன்னாடி இருக்குறது எவ்வளவு ஜோரா இருந்தாலும் செல்லாது. பெரியப்பா ஜெர்மனியிலேர்ந்து முன்னால நடந்து வந்திருக்காரு, அதான் கோளாறு.

இப்ப செய்ய வேண்டியதைச் சொல்றேன். 1727-லேர்ந்து அந்தக் காலத்துல பென்சில்வேனியாவுல இறங்கின வெளிநாட்டு ஆம்பளைங்க, பதினாறு வயசுக்கு மேல இருந்தா, இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணி கையெழுத்து போடணும்னு இருந்துச்சு. அந்த லிஸ்ட்டுங்க இருக்கு, 1934-ல மூணு வால்யூமா அச்சாயிருக்கு, ஒரு வால்யூம் முழுக்க அவங்கவங்க போட்ட கையெழுத்தோட நகல். எழுதத் தெரியாதவன் நம்ம ஊர் கைநாட்டு மாதிரி ஒரு குறி போடுவான், கிளார்க் அதைச் சுத்தி பேரை எழுதுவான். உங்க யோஹானஸ் கையெழுத்து போட்டாரா குறி போட்டாரான்னு முதல்ல பாரு. அப்புறம் அதே பென்சில்வேனியாவுல லங்காஸ்டர் கவுன்டியில அவர் எழுதின உயில் இருக்குன்னு பெரியப்பாவே சொல்றாரே, அந்தக் கையெழுத்தோட ஒப்பிட்டுப் பாரு. ஒரு விஷயம், உயில் புஸ்தகத்துல இருக்குறத பாக்காத, அது கிளார்க் பாத்து எழுதின நகல், கையெழுத்தும் அவன் எழுதினதாத்தான் இருக்கும். ஒரிஜினல் காகிதம் தனியா வெச்சிருப்பாங்க, அதைக் கேளு. ஒருத்தர் அழகா ஜெர்மன் எழுத்துல போட்டு இன்னொருத்தர் குறி போட்டிருந்தா ரெண்டும் வேற ஆளுன்னு வெச்சுக்க, வயசாகி கை நடுங்கி குறி போட்டிருந்தாலொழிய.

அவரோட சொந்த கிராமத்துப் பேர் கிடைக்க நல்ல வழி, ஞானஸ்நானத்துல குழந்தைக்காக நிக்கிற ஞானத்தாய் தகப்பன்தான். அமெரிக்காவுல பிறந்த பிள்ளைங்களுக்கு யார் யார் நின்னாங்கன்னு ரெஜிஸ்டர்ல பேர் இருக்கும், பெரும்பாலும் சொந்தமோ, ஊர்க்காரங்களோ, கூட கப்பல்ல வந்தவங்களோதான். அவங்கள்ல ஒருத்தரோட ஊர் தெரிஞ்சா அங்க போய் தேடலாம். பொம்பளைங்க குடும்பப் பேரு கடைசியில 'இன்'னு சேந்திருக்கும், 'முல்லரின்'னு, அதை வேற குடும்பம்னு நினைச்சிடாத. அப்புறம் ஜெர்மனியில சில ஊர்ல அப்ப ஜனங்க பிரபுவுக்குக் கட்டுப்பட்டவங்களா இருந்தாங்க, கிளம்பணும்னா பணம் கட்டி விடுதலை வாங்கணும், அந்த ரசீது கணக்கும் சில இடத்துல ஆர்க்கைவ்ல இருக்கு.

லங்காஸ்டர் டிரினிட்டி லூத்தரன் சர்ச் ரெஜிஸ்டர் 1730-லேர்ந்து இருக்கு, உன் வீட்டுலேர்ந்து கிட்டதானே. அந்தப் பக்கத்து லூத்தரன் சபைங்கள ஒழுங்குபடுத்தின மூலன்பர்க் பாதிரியார் 1742-ல வந்தவரு, அவரை அனுப்பினது ஜெர்மனியில ஹாலேங்கிற ஊர் மிஷன்காரங்க. நம்ம தரங்கம்பாடிக்கு 1706-ல வந்த சீகன்பால்க் பாதிரியாரும் அதே ஹாலேயில படிச்சவருதான், உனக்கு சின்ன வயசுல சர்ச் காட்டினேனே. மூலன்பர்க் அமெரிக்காவுலேர்ந்து ஹாலேவுக்கு எழுதின ரிப்போர்ட்டுங்க அச்சாயிருக்கு, யோஹானஸ் சபை ஆளா இருந்தா அதுலயும் ஒரு கண்ணு வை.

பெரியப்பாகிட்ட நீ நேரா சொல்லாத, மருமக வந்து தப்பு கண்டுபிடிச்சான்னு ஆயிடும். மாப்பிள்ளைய விட்டு அந்த ஸ்கேனைத் திறந்து, இந்த சிலுவை என்ன பெரியப்பான்னு கேக்கச் சொல்லு, அவரே புரிஞ்சுக்குவாரு, விவரமான மனுஷன்தான். 1749-க்கு அப்புறம் இருக்குற பக்கமெல்லாம் பத்திரத்தோட உறுதியா இருக்கு, அதை மட்டும் இந்த ஆகஸ்டுக்கு அச்சடிங்க. உயிலோட ஒரிஜினல் கிடைச்சா எனக்கு போட்டோ அனுப்பு, பின்பக்கத்தையும் சேத்து எடு, அங்கயும் ஏதாவது எழுதியிருக்கலாம்.

அப்பா